தேங்காய்ப்பாலும் பால்தான்

மோஷி,

இந்தக் கடிதத்தை நீயாகப் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். பேசினால் உனக்குப் புரியும், எழுத்து தெரியாது. யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நடுவில் நிறுத்தி உன் முகத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும். நீ என்னைப் பற்றி எழுதிக் கொடுத்ததையும் எனக்கு முன்பின் தெரியாத மூன்று பேர் படித்தார்கள் அல்லவா? நம் தெருக் கோயிலில் ஆண்டு மலர் போடுகிறவர்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதன் நகல் ஒன்றை அவர்களிடமும் கொடுத்துவிட்டேன். நாலாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், அதோடு நின்றவள் எழுத்து இது, பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், சேதியைத் திருத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உனக்குப் படித்துக் காட்டுகிறவருக்குத் தெரியாதே, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா எஸ்ரா, ரங்கூன் யூதர். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சரக்கு சரிபார்க்கிற வேலை. நான் பசுந்தாங் சந்தையில் தேங்காய் துருவிப் பால் பிழிந்து விற்றவளின் மகள். ஊரில் இருந்த யூதர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் உன் அப்பா போகாமல் நின்றார், நின்றதோடு என்னையும் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டதற்கு அவர்கள் வழக்கப்படி சடங்கு எதுவும் இல்லை. என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தங்கள் ஆளாக ஆக்கவும் அவர்களிடம் அப்போது ரப்பி என்ற மதகுரு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் உன் அத்தை விட்டிருக்க மாட்டாள்.

கல்யாணமாகி எட்டாம் நாள் உன் பாட்டியும் அத்தையும் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்கள். பாட்டிக்கு அரபும் கொஞ்சம் இந்துஸ்தானியும்தான் வரும். அத்தை சந்தையில் பழகியவள், தமிழ் நன்றாக வரும். பாட்டி சொல்லச் சொல்ல அத்தை எனக்குச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் விளக்கு. சனிக்கிழமை அடுப்பு இல்லை. பன்றி இல்லை, இறால் இல்லை. இறைச்சியும் பாலும் ஒரு சட்டியில் சேரக் கூடாது, ஒரு தட்டிலும் சேரக் கூடாது, ஒரு வயிற்றில் சேர்வதற்குக்கூட நேரம் விட வேண்டும். நான் அப்போது கேட்டேன், மோஷி. வாய் பொத்தி நிற்கவில்லை, கேட்டேன்.

“எந்தப் பாலுமா?”

அத்தை என் கையைப் பார்த்தாள். துருவித் துருவி விரல் நுனியெல்லாம் கீறல் விழுந்த கை. பிறகு பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னாள்: “எந்தப் பாலும்தான், தேங்காய்க்காரி.”

அந்தச் சிரிப்பு எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது. அவள் அன்று கட்டியிருந்த லுங்கியின் பச்சை நிறம்கூட நினைவிருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு இந்த ஆனி மாதம்தான் தெரிந்தது, நீ அனுப்பிய தாளைப் பிரித்தபோது.

தேங்காய்ப்பால் பால்தான் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழில் அது பால். பர்மியத்தில் கேட்டுப் பார், ‘ஓனோ’ என்பார்கள், தேங்காயின் பால் என்றே அதற்கும் அர்த்தம். இரண்டு மொழியிலும் பால் என்கிற ஒன்றை நான் எப்படிப் பால் இல்லை என்று நினைப்பேன்? இந்த ஊரில் கோழியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஓனோ கௌஸ்வே கொதிக்காத தெரு உண்டா? அந்தச் சேமியாக் குழம்பின் வாசனையில் பிறந்தவள் நான். என் அம்மாவின் கடையிலிருந்து பாதி ரங்கூனுக்குப் பால் போயிற்று. நாற்பது வருஷத்துக்கு மேல் நான் என் வீட்டில் ஒரு கோழித்துண்டை ஒரு சொட்டுத் தேங்காய்ப்பாலில் போட்டதில்லை. பாலுக்கு ஒரு அடுக்குச் சட்டி, இறைச்சிக்கு ஒரு அடுக்கு; தேங்காய் துருவியைப் பால் பக்கத்து ஆணியில்தான் மாட்டினேன். உன் அப்பா கத்தியை நகத்தில் ஓட்டிப் பார்த்துப் பிசிர் இல்லை என்ற பிறகுதான் கோழியை அறுப்பார். நான் அதை மூன்று தண்ணீரில் அலசி, உப்பில் கிடத்தி, வெறும் மிளகும் புளியும் போட்டுச் சமைத்தேன். என் அம்மா சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்: “ஏண்டி, தேங்காய்க்காரி வீட்டுப் பொண்ணு குழம்பு ஏண்டி இப்படி வறண்டு கிடக்கு?”

இனி அந்தத் தாள். உன் அக்காதான் எழுத்துக்கூட்டாமல் இங்கிலீஷ் படிக்கிறவள், அவளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். மூன்று வரி, கீழே நான் கையெழுத்துப் போட இடம். நான் இந்துப் பெற்றோருக்குப் பிறந்தவள், மதம் மாறாதவள் என்பது முதல் வரி. சரி. நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பது இரண்டாவது. அதுவும் சரி. மூன்றாவது, ‘எங்கள் வீட்டில் யூதச் சட்டம் எதுவும் கைக்கொள்ளப்படவில்லை, மகன் அதில் வளர்க்கப்படவில்லை.’ அதோடு, உன்னை யூதனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நீ அந்த மூன்று ரப்பிகளின் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலும் தவறிப்போய் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அனுப்பும்போது நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. நீ எதையும் கவனிக்கிறவன் இல்லை, சின்ன வயதிலிருந்தே.

“என் தாய் இந்து. உணவுச் சட்டம் அவருக்குத் தெரியாது. தேங்காய்ப்பாலை மாட்டுப்பால் வகை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்” என்று அக்கா படித்தாள்.

“இன்னொரு தரம் படி.”

“விடுங்கம்மா.”

“படின்னா படி.”

படித்தாள். அப்புறம் நான் கேட்டேன், “அப்ப அது பால் இல்லையா?”

“அது தேங்காய்ம்மா” என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்ட விதத்தில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கிண்டிக் கிண்டிக் கேட்டேன். வெளியே வந்தது. உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை அவளைப் படகு பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, படகுத்துறைக்கு எதிர்க்கடையில் கோழி போட்ட ஓனோ கௌஸ்வே வாங்கித் தருவாராம். “அம்மாகிட்ட சொல்லாதே, அவ ரொம்பக் கட்டுப்பாடானவ” என்பாராம். உன் பாட்டி வீட்டிலும் வெள்ளிக்கிழமைக் கோழி தேங்காய்ப்பாலில்தானாம். மாட்டுப்பால் சேர்க்க முடியாததால் அவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் ஊற்றிச் சமைத்தார்களாம். நான் அந்த வீட்டில் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை. கூப்பிட்டால்தானே போவேன்.

உன் அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவர் படத்தைப் பார்த்துக் கேட்டேன். தன் சொந்த அம்மாவைவிட ஒரு தேங்காய்க்காரி தனக்காக அதிகமாக விட்டுக்கொடுக்கிறாளே என்று மனசுக்குள் மகிழ்ந்திருப்பாரோ என்று ஒரு நாள் தோன்றும். சொல்லிவிட்டால் உன் அத்தையோடு சண்டை வரும் என்று பயந்திருப்பார் என்று மறுநாள் தோன்றும். எப்படி இருந்தாலும் மன்னிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் ஏற்றுகிறேன்; அது அவருக்காக இல்லை, பழகிவிட்டது.

நீ தொலைபேசியில் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பக்கத்துக் கதை மட்டும்தான் ஆகிவிடும். நீ அந்த ஊரில் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போயிருந்தாய். அவள் அம்மா, ரங்கூனிலிருந்து வருகிற பிள்ளை என்று பார்த்துப் பார்த்துத் தேங்காய்ப்பாலில் கோழி சமைத்து வைத்தாள். நீ தட்டைத் தள்ளிவிட்டு, “எங்கள் வீட்டில் இது கூடாது” என்றாய். மேசை முழுக்கச் சிரித்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார்கள் என்றாய்.

“அதுக்காக என்னை அடிச்சீங்கம்மா” என்றாய். “பன்னெண்டு வயசு எனக்கு. இல்லாத சட்டத்துக்கு அடிச்சீங்க.”

அடித்தேன். உன் கூட்டாளி கோ தானின் வீட்டில் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, மூக்கில் மஞ்சள் எண்ணெயோடு வந்து நின்றாய். மோந்து பார்த்தேன், கன்னத்தில் அறைந்தேன், குழாயடிக்கு இழுத்துப்போய் வாயைக் கொப்பளிக்க வைத்தேன், மறுநாள் பொழுது சாயும் வரை சோறு போடவில்லை. தெருவே பார்த்தது. அத்தையிடம் போய்ச் சேர்ந்துவிடுமோ, பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் எனக்கு. அந்த அறை தப்பு. சட்டம் உண்டோ இல்லையோ, உன்னை அவளுக்காக அடித்தது தப்பு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது அச்சில் போகச் சொல்கிறேன். ஆனால் நீ ஒன்றை யோசித்துப் பார். சட்டமே இல்லாத வீட்டில் சட்டத்துக்காக ஒரு பிள்ளை அடி வாங்குவானா?

அந்த மூன்றாவது வரி எதற்கு என்று கேட்டேன். நீ சொன்னது எனக்கு முழுக்கப் புரியவில்லை. முதலில் நீ வேறொரு யூதர் கோயிலுக்குப் போயிருக்கிறாய். அவர்கள், அப்பா யூதர், வீட்டில் அந்த முறையில் வளர்ந்திருக்கிறாய், போதும், உள்ளே வா என்று பெயரைப் பதிந்துகொண்டார்கள். பெண்ணின் அப்பா, அந்தக் கோயில்காரர்கள் சொன்னால் செல்லாது, எங்கள் பஞ்சாயத்தில் புதிதாக மாறி வா என்றார். அந்தப் பஞ்சாயத்து, யூத முறையில் வளர்ந்தேன் என்று முன்னால் சொன்னதை வாபஸ் வாங்கு என்கிறது. “சும்மா ஒரு வரிதாம்மா” என்றாய்.

ஒரே சாமிக்கு எதற்கு இரண்டு கட்சி? அதைத் தெரிந்துகொள்ள, நம் ஊர் யூதர் கோயில் வாசற்படியில் மூன்று வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்தேன், அக்காவையும் இழுத்துக்கொண்டு. இப்போது அங்கே வருகிறவர்கள் எல்லாம் வெளியூர்ப் பயணிகள்தான். மூன்றாவது வாரம், இந்த வேக்காட்டிலும் கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் வந்தார். வழியை மறித்துக்கொண்டேன்.

“ம்மா, அவங்க பொம்பளைங்ககிட்ட பேச மாட்டாங்களோ என்னவோ” என்றாள் அக்கா.

“என் வயசுக்கு மேல பொம்பளை என்ன, ஆம்பளை என்ன. கேளு” என்றேன்.

பேசினார். நல்ல மனிதர், தரையைப் பார்த்துப் பேசினாலும் பொறுமையாகப் பேசினார். அவர்கள் ஊர்ப்பக்கம் ராஜாக்கள் யூதர்களை ஒரு தெருவில் வைத்துக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்களாம், தலைமுறை தலைமுறையாக. அப்புறம் ஒரு காலத்தில், இருநூறு வருஷம் இருக்குமாம், கதவைத் திறந்து, நீங்களும் குடிமக்கள், போங்கள் என்று விட்டுவிட்டார்களாம். பூட்டிக் கிடந்தபோது வராத சண்டை திறந்துவிட்டதும் வந்தது என்றார். ஒரு கூட்டம், ஊரோடு ஒத்துப் போவோம் என்று ஊர் மொழியிலேயே ஜெபித்தது, கோயிலுக்குள் வாத்தியம் வைத்தது, ஆணையும் பெண்ணையும் சேர்த்து உட்கார வைத்தது, காலத்துக்கு ஏற்றபடி சட்டத்தைத் தளர்த்தியது. இன்னொரு கூட்டம், ஒரு புள்ளியை மாற்றினாலும் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று கதவைத் தானே உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டது. அதற்குள்ளும் சிலர் வெளியே கோட்டுசூட்டு, படிப்பு, உத்தியோகம், உள்ளே முழுச் சட்டம் என்று வாழ்ந்தார்கள். நடுவில் நின்று, மாற்றலாம், மெதுவாக மாற்றலாம் என்றவர்களும் உண்டு. “நீங்க எது?” என்று கேட்டேன். “தாழ் போட்டவர்கள்” என்றார்.

அவர் நம் ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்குப் பட்டது, மோஷி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூடி, ஆளுக்கு ஆள் அடையாள அட்டை என்று ஆனபோது இங்கேயும் அதுதானே நடந்தது? எதிர் வீட்டுக்காரர் பர்மியப் பெயர் வைத்துக்கொண்டு தீமிதிப் பக்கமே வராமல் போனார். பின் தெருக்காரர், வீட்டுக்குள் பர்மியத்தில் பேசினால் சோறு கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டார். உன் அக்கா பௌர்ணமிக்குப் புத்தர் பகோடாவுக்கும் வெள்ளிக்கிழமை அம்மனுக்கும் போகிறாள், என் பேத்திக்கு அது இரண்டு சாமி என்றே தெரியாது. ஆனால் உன் அப்பா ஆட்களுக்கு இந்த ஊரில் கட்சி இருந்ததில்லை. இருந்தது ஒரு கோயில். சனிக்கிழமை கடையை மூடியவரும் அங்கேதான் வந்தார், ஜெபம் முடிந்ததும் நேரே போய்க் கடையைத் திறந்தவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார். மேல்மாடியில் பெண்கள் பகுதியில் கடைசி பெஞ்சு எனக்கு. கடைசியானாலும் பெஞ்சு. நீ எது என்று யாரும் தாள் நீட்டிக் கேட்கவில்லை.

தேங்காய்ப்பால் கதையையும் பெரியவரிடம் சொன்னேன். சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அவர்களுடைய பழைய சட்டப் புத்தகத்தில் ஒன்று உண்டாம். பாதாம் அரைத்த பாலில் இறைச்சி சமைத்தால், அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நாலு பாதாம் பருப்பை வைக்க வேண்டுமாம், பார்க்கிறவன் மாட்டுப்பால் என்று ஏமாந்துவிடக் கூடாது என்று. “அம்மா போட்டது வேலிக்கு வெளியே இன்னொரு வேலி” என்றார். “தெரியாமல் போட்டாலும் வேலிதான். அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.”

“அப்ப என் மகன் உங்க ஆளுதானே?”

கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். “தாய் வழிதான் சட்டம். அவர் முங்கி எழ வேண்டும்” என்றார்.

“ராஜா கதவைத் திறந்துட்டான். என் பிள்ளையை வெளிய நிறுத்துறது நீங்க” என்றேன். அக்கா அதை இங்கிலீஷில் சொல்லத் தயங்கினாள், தொடையில் கிள்ளிச் சொல்ல வைத்தேன். அவர் மறுக்கவில்லை. “ஆமாம்” என்றார். என்னைப் பொய் சொல்லி அனுப்பாத ஒரே ஆள் அவர்தான்.

பிறகு ஒன்று சொன்னார், அதுதான் தைக்கிறது. முங்கி எழுந்தவனுக்குப் பழைய அப்பா அம்மா பெயர் ஜெபத்தில் கிடையாதாம். ஆபிரகாமின் மகன் என்று கூப்பிடுவார்களாம். உடம்புக்கு வந்தால் மட்டும் அவர்கள் அம்மா பெயரைச் சொல்லித்தான் சாமியிடம் கேட்பது வழக்கமாம். “அப்ப என் பேரா?” என்றேன். இல்லையாம், அதற்கும் ஆதித்தாய் பெயர். சாரா.

உலகத்தில் எத்தனை பெயர் இருக்கிறது, மோஷி! உன் அத்தை பெயரா வந்து வாய்க்க வேண்டும்! எந்தப் பாலும்தான் என்று பல்லைக் காட்டியவள் பெயரால், சாரா மகனுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்களாம். ஆறு வயதில் மலேரியாவில் நீ கட்டிலோடு சேர்த்து நடுங்கியபோது அத்தை எட்டிப் பார்க்கவில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும். அந்தப் பெயருக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

நீ முங்குவதை நான் தடுக்கவில்லை. ஒரு பெண்ணை விரும்பிவிட்டாய், அவள் வீட்டு வாசல் அப்படி. உன் அப்பாவும் என் வாசலுக்கு வந்தவர்தான், தன் வீட்டாரை விட்டு. ஆனால் அவர் தன் அம்மா வீட்டில் ஒன்றுமே இல்லை என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு வலிப்பது அதுதான். எங்களை அழைத்துக்கொண்டு நுழையக்கூடிய வாசல் ஒன்று உனக்குத் திறந்திருந்தது. எங்களைச் செருப்பு மாதிரி வெளியே விட்டுவிட்டு நுழைகிற வாசலைப் பிடித்தாய். அதுவும் உன் இஷ்டம். கழற்றிய செருப்பு உன் காலில் இருந்ததே இல்லை என்று சொல்கிறாய் பார், அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தாளை உன் அக்கா நாளைக்கு அனுப்புகிறாள். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவை உண்மை. மூன்றாவதை அளவுகோல் வைத்து அடித்துவிட்டு, அதன் மேல் தமிழில் எழுதியிருக்கிறேன்: ‘இந்த வீட்டில் தேங்காய்ப்பாலும் பால்தான்.’ பஞ்சாயத்து அதை ஏற்காவிட்டால் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அக்கா பயப்படுகிறாள். தள்ளிப்போகட்டும். நாற்பது வருஷம் ஒருத்தி ருசியைத் தள்ளி வைத்தாள், அவர்கள் ஒரு மாதம் முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கட்டும். எழுதியிருப்பது என்ன என்று மூன்று ரப்பிகளும் உன்னைக் கேட்பார்கள். நீதான் சொல்ல வேண்டும். அப்போது அறிவில்லாதவள் எழுதியது என்பாயோ, என் அம்மா எழுதியது என்பாயோ, அது உன் வாய்.

கல்யாணப் பத்திரிகை அனுப்பினால் வருவேன். கடைசி பெஞ்சு பழக்கம்தான்.

இதன் அடியில் நான் பெயர் போடப் போவதில்லை. என் பெயர் அந்தத் தாளில் இரண்டு இடத்தில் தமிழில் இருக்கிறது, மோஷி. படிக்கக் கற்றுக்கொள்.